தலைகீழாக நடந்தவர்

கண்ணாடிக்காரரின் பட்டறைக்கு அவள் போனது கோள்களைப் பார்க்க ஒரு தொலைநோக்கி தேர்ந்தெடுக்கத்தான். வேறு எதையும் பார்க்கும் எண்ணம் அவளுக்கு இல்லை.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நாற்பத்தாறு வயதாகியும் அப்பா இன்னும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். அதைக் கேட்டுக் கேட்டு, பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் அக்காவும் "பாப்பாம்மா" என்று ஆரம்பித்துவிட்டாள். நரைமுடிக்குச் சாயம் பூசுகிற வயதில் பாப்பாம்மாவாக இருப்பது அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

தொலைநோக்கி ஆசை வந்தது ஆஸ்பத்திரி மைதானத்தில். ஒரு நாள் மாலை வானியல் சங்கத்து ஆட்கள் சனிக் கோளைக் காட்டினார்கள். கண்ணை வைத்தவள், சின்னதாக, சுத்தமாக, வளையத்தோடு நின்ற அந்தக் கோளைப் பார்த்துவிட்டு, "முன்னாடி படம் ஒட்டி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டு, குழாயின் வாய்ப்பக்கம் போய் எட்டியே பார்த்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பில்லை.

அவளால் எங்கேயும் நகர முடியாத காலம் அது. புருஷனுக்கு வேலை வேறு ஊரில். அவளுடைய ஆஸ்பத்திரியே அந்த ஊரில் ஒரு கிளை திறந்து, எக்ஸ்ரே பிரிவுக்குப் பொறுப்பாக வரச் சொல்லி அவளைத்தான் கேட்டது. அவகாசம் கேட்டு இரண்டு தடவை தவணை வாங்கியிருந்தாள். காரணம் அப்பா.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அம்மா போன பிறகு சொந்த வீட்டில் தனியாக இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பால் போடுகிறவர் வந்து சத்தம் கொடுக்கும்வரை அங்கேயே கிடந்திருக்கிறார். ஆபரேஷன் முடிந்து அவள் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். எலும்பு அழகாகக் கூடிவிட்டது. படம் எடுத்தது அவளேதான். "எலும்பு வேலையை முடிச்சிடுச்சும்மா. இனி நடக்க வேண்டியது உங்க அப்பாதான்" என்று எலும்பு டாக்டர் சொன்னார். ஆனால் அப்பா காலை ஊன்றியதும் "ஐயோ" என்று அலறி அப்படியே சரிவார். நாலைந்து தடவைக்கு மேல் அவரை நிற்க வைக்க அவளுக்கே மனசு வரவில்லை. சக்கர நாற்காலி வந்தது. ஒன்றரை வருஷமாகக் காலையில் அவள்தான் அவரைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, சட்டை போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவாள்.

"உனக்குன்னு ஒண்ணு வாங்கிக்கோ" என்று புருஷன் ஃபோனில் சொன்னான். "மாடில உக்காந்து எங்கயாவது போயிட்டு வா."

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை காலை, ஊர் எல்லையில் மேட்டின்மேல் இருந்த பட்டறைக்கு ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்தாள். முன்பு மோட்டார் ரிப்பேர் கடையாக இருந்த இடம். தரையில் பழைய எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. அலமாரியில் வட்ட வட்டமாகக் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் துணிக்குள். தொலைநோக்கிக் கண்ணாடிகளைத் தேய்த்துச் செய்யும் பட்டறைக்காரரை எல்லாரும் கண்ணாடிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். ஆள் பருமன். பேச்சு நிற்காது.

"கடையில வாங்கறது ரெடிமேட் சட்டை. நம்மகிட்ட அளவெடுத்துத் தைக்கிறது" என்றார். "என்ன பாக்கப் போறீங்க, எங்க வச்சுப் பாக்கப் போறீங்க, யாரு தூக்கப் போறாங்க. இது மூணும் தெரிஞ்சாத்தான் கண்ணாடியில கை வைப்பேன்."

"கோள்தான். சனி, வியாழன், செவ்வாய்."

"அப்ப இதுல ஒண்ணு மாதிரி செஞ்சுடலாம்" என்று வெளியே சிமென்ட் தளத்தில் நின்ற இரண்டைக் காட்டினார். ஒன்று பத்து அங்குலக் கண்ணாடி, குட்டையான தடித்த குழாய். இன்னொன்று எட்டு அங்குலம், அவள் தோள்வரை நீண்ட ஒல்லிக் குழாய். "இவன் குண்டன், அவன் நெட்டையன். மங்கலா பஞ்சு மாதிரி இருக்கறதையெல்லாம் தேடறவங்களுக்குக் குண்டன். வெளிச்சத்தை அள்ளிக் கொட்டுவான். கோளுக்கு வெளிச்சம் பஞ்சமே இல்ல. அதுக்குக் கூர்மைதான் வேணும்."

குழாயின் அடியில் பெரிய கண்ணாடி, மேலே சாய்வாக ஒரு குட்டிக் கண்ணாடி. அந்தக் குட்டிதான் படத்தைப் பக்கவாட்டில் கண்ணுக்குத் திருப்புகிறது, ஆனால் வருகிற வெளிச்சத்துக்கு நடுவே நந்தி மாதிரி நிற்பதும் அதுதான் என்று விளக்கினார். நெட்டையில் அதை ரொம்பச் சின்னதாக வைக்கலாமாம். வியாழனின் பட்டைகளும் சனி வளையத்தின் நடுவே ஓடும் கறுப்புக் கோடும் அதனால்தான் பிசிறில்லாமல் தெரியுமாம்.

"ரெண்டுல எது கனம் கம்மி? எங்க மாடிக்கு இரும்புப் படி. செங்குத்தா இருக்கும்."

"நெட்டையன்தான். ஆனா நீளம். ஒருத்தர் மேல நின்னு வாங்கணும். வீட்ல யாராச்சும் இருக்காங்களா?"

"அப்பா இருக்கார். அவரால எழுந்திரிக்க முடியாது."

"அடடா" என்றார் கண்ணாடிக்காரர். பிறகு கையைத் தட்டிக்கொண்டார். "பகல்ல கோள் ஏது. தூரத்துல எதையாவது வச்சு ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. ராத்திரி பெஞ்ச மழையில காத்து கழுவி விட்ட மாதிரி இருக்கு. உங்க வீடு எந்தப் பக்கம்? எல்லாரும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க."

கீழே ஊர் பரந்து கிடந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், உயரமான தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று அவள் கை காட்டினாள். குண்டனை அவர் அந்தத் திசையில் திருப்பினார். "தலைகீழாத்தான் தெரியும். பயந்துடாதீங்க. வானத்துல மேல கீழ ஏது, அதனால யாரும் கவலைப்படறதில்ல."

அவள் கண்ணை வைத்து, குழாயை மெல்ல மெல்லத் தள்ளி, தெருவைக் கண்டுபிடித்தாள். பிறகு வீட்டை. மொட்டை மாடி மேலே இருந்து தொங்கியது. கொடியில் போட்டுவிட்டு வந்த அவளுடைய வெள்ளைக் கோட்டுகள் மேல்நோக்கி ஆடிக்கொண்டிருந்தன. சிரிப்பு வந்தது.

அப்போது கோட்டுகளுக்கு நடுவிலிருந்து ஓர் ஆள் வெளியே வந்தான். வௌவால் மாதிரி கால் மேலே, தலை கீழே. கைகளை வீசி வீசி மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தான்.

திருடன் என்றுதான் முதலில் தோன்றியது. அப்பா கீழே நாற்காலியில் இருக்கிறார், அசையக்கூட முடியாதவர். குழாயைக் கொஞ்சம் தள்ளினாள். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஏதோ கொறித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் பக்கத்தில் வந்ததும் தட்டை நீட்டினாள். அவன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு திரும்ப நடந்தான்.

"என்ன, தெரியுதா?"

"சரியாத் தெரியல" என்றாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. "அந்த நெட்டைல பாக்கலாமா?"

கண்ணாடிக்காரர் நெட்டையனைத் திருப்பிப் பொருத்திக் கொடுத்தார். அவள் குனிந்தாள். பிசிறே இல்லை. பச்சைக் கட்டம் போட்ட சட்டை. காலையில் அவசரத்தில் அவள்தான் ஒரு பொத்தானை மாற்றி மாட்டியிருந்தாள். சட்டையின் ஒரு நுனி ஏறி ஒரு நுனி இறங்கி இருந்தது. வழுக்கைத் தலை. கழுத்தில் துண்டு. அப்பா.

தன்னை அறியாமல் குழாயைப் பிடித்தாள். மாடி, வீடு, அப்பா எல்லாம் தூக்கிப் போட்டது போல் எகிறின. கையை எடுத்தாள். அப்பா திரும்ப வந்து நின்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். மூச்சு வாங்கவில்லை. அந்த இரும்புப் படியை எப்படி ஏறினார் என்று நினைத்துப் பார்த்தாள். ஏறத்தான் ஏறியிருக்கிறார். வாழ்நாளெல்லாம் கிரேன் ஏணி ஏறிய மனுஷன்.

கண்ணை எடுக்காமலே கைப்பையில் துழாவி ஃபோனை எடுத்து அழைத்தாள்.

அங்கே அப்பா சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்தார். அக்காவை நோக்கி வாயில் விரல் வைத்துக் காட்டினார். பிறகு காதில் வைத்தார்.

"என்ன பாப்பா?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"என்னப்பா பண்றீங்க?"

"என்ன பண்ணுவேன். கிடக்கேன்."

"வலி எப்படி இருக்கு?"

"ராவெல்லாம் குத்தல். இப்பத்தான் அக்கா கொஞ்சம் நீவி விட்டா." வாளிமேல் இருந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கால் அசைக்க முடியுதாப்பா?"

"எங்க" என்று பெருமூச்சு விட்டார் அப்பா. விட்டுக்கொண்டே ஒற்றைக் காலில் நின்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் காலை மாற்றிக்கொண்டார். "நீ வர நேரமாகுமா?"

"ஏம்ப்பா?"

"சும்மா கேட்டேன். அவசரப்படாத. நல்லா பாத்து வாங்கு பாப்பா. ஏமாத்திடப் போறாங்க."

ஃபோனை வைத்துவிட்டாள். பக்கத்தில் இருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரர் தாமும் குனிந்து பார்த்தார்.

"அட, பெரியவர் என்ன போடு போடறார்! பக்கத்து வீடா?"

"ஆமா" என்றாள்.

"இந்த வயசுல இப்படி நடக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

அந்தச் சொல் அவளை அறைந்தது. அப்பா நடக்கிறார். ஒன்றரை வருஷமாக அவள் வேண்டாத நாள் இல்லை. அதைக் கண்ணால் பார்த்தபோது மனதில் ஒரு துளி சந்தோஷம் வந்ததா என்று தேடிப் பார்த்தாள். வரவில்லை. அது அவளை இன்னும் கலக்கியது.

"எதுல தெளிவா இருந்துச்சும்மா?"

"நெட்டைல. ரொம்பத் தெளிவா இருந்துச்சு. அதையே செய்யுங்க" என்று எழுந்தாள். அவர் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தாளா இல்லையா என்பது பிறகு அவளுக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வரும்வரை வண்டியை யார் ஓட்டினார்கள் என்றே தெரியவில்லை. உள்ளே நுழைந்தபோது அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மடியில் செய்தித்தாள், காலில் போர்வை. கழுத்தோரம் வியர்வை இன்னும் காயவில்லை.

அவள் குனிந்து போர்வையை விலக்கி அவர் கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. படுத்தே கிடக்கிறவர்களின் கால் எப்படிச் சூம்பும் என்று தினம் தினம் பார்க்கிற வேலை அவளுடையது. அந்தக் காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவியவளும் அவள்தான். எப்படித் தெரியாமல் போனது? அடுத்தவர் எலும்புக்குள் இருக்கும் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிற கண் இது.

"என்ன பாப்பா, பாத்தியா?" என்றார் அப்பா.

"பாத்தேன்."

"நல்லா தெரிஞ்சுதா?"

"நல்லா தெரிஞ்சுது. நம்ம மாடிகூடத் தெரிஞ்சுது."

சமையலறையில் ஒரு தட்டு விழுந்து உருண்டு உருண்டு அடங்கியது. அப்பாவின் முகம் வெளுத்தது. சின்னக் குரலில், கிட்டத்தட்டக் குறையாகவே சொன்னார்: "கோள் பாக்கன்னுல்ல சொன்ன?"

"எந்திரிங்க" என்றாள்.

"பாப்பா..."

"எந்திரிங்கப்பா!"

அப்பா எழுந்தார். போர்வையை மடித்து நாற்காலியில் போட்டார். வாசல் கதவுவரை நடந்து, திரும்பி வந்து, தப்புச் செய்த பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தொலைவில் தலைகீழாகப் பார்த்ததைவிட இது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. அவர் இவ்வளவு உயரம் என்பதையே அவள் மறந்திருந்தாள். கைக்குக் கிடைத்த சக்கர நாற்காலியில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "என்னைத் திட்டாதீங்க பாப்பாம்மா. காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினார். பெரியவர் கெஞ்சும்போது நான் என்ன சொல்றது?"

"எவ்வளவு நாளா?"

"மழைக்காலத்துக்கு முந்தியே."

போன மழைக்காலம். அதாவது முதல் தவணை வாங்குவதற்கு முன்பே.

"ஏம்ப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அன்னிக்கு விழுந்து கிடந்தேன்ல. ஹால்ல ஃபோன் அடிச்சுது. நீதான்னு தெரியும், உன் நேரம் அது. அடிச்சு அடிச்சு நின்னுது. திரும்ப அடிச்சுது. வரேன் பாப்பா, வரேன் பாப்பான்னு கத்தறேன். யாருக்குக் கேக்கும்? அதுக்கப்புறம் அடிக்கவே இல்ல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "இங்க வந்தப்புறம் ஒரு நாள் கால் ஊணுச்சு. வலிக்கல. உங்கிட்ட சொல்லணும்னு கதவு வரைக்கும் வந்தேன். நீ மாப்பிள்ளைகிட்ட ஃபோன்ல பேசிட்டிருந்த. அப்பா மட்டும் நடந்துட்டா அவர் வீட்டுல விட்டுட்டு மறுநாளே கிளம்பிடுவேன்னு சொன்ன. திரும்பப் போய்ப் படுத்துட்டேன்."

அவள் சொன்னதுதான். ஒரு தடவை இல்லை, பல தடவை. புருஷனுக்கு ஆறுதலாக, தனக்கும் ஆறுதலாக. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதவும் கதவுக்குப் பின்னால் அப்பாவும் நின்றது இன்றைக்குத்தான் தெரிகிறது.

"கிடக்கறவனுக்குத்தான் துணை இருப்பாங்க பாப்பா. நடக்கறவனைப் பக்கத்துல இருந்து யாரு பாத்துப்பா?"

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "அப்ப எதுக்கு மாடில போய் ஆடினீங்க? படுத்தே கிடக்க வேண்டியதுதானே?"

"நெஜமாவே கால் போயிடுச்சுன்னா?" என்றார் அப்பா. அந்தப் பயம் கலப்படம் இல்லாத பயம்.

அவள் சேலையின் இடுப்பு மடிப்பை விலக்கி, உள்ளே இறுக்கிக் கட்டியிருந்த பெல்ட்டைக் காட்டினாள். அகலமான, ஓரம் நைந்த பெல்ட். "இது என்னன்னு தெரியுமா?"

அப்பா குனிந்து பார்த்தார். "என்ன இது?"

"உங்களைத் தூக்கித் தூக்கி வந்தது. முதுகெலும்புத் தட்டு விலகியிருக்கு. என் படத்தை நானே எடுத்துப் பாத்தேன். உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். அந்தக் கிழவர் அப்படி அழுது அவள் பார்த்ததில்லை, அம்மா போனபோதுகூட. அக்கா ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தாள். அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்து தேற்ற வேண்டும் என்று தோன்றியது, உடம்பு கேட்கவில்லை.

அன்று மாலை புருஷனுக்கு ஃபோன் செய்தாள். அவன் முதலில் நம்பவில்லை. "நெஜமாவா?" என்று நாலு தடவை கேட்டான். ஒற்றைக்கால் கட்டம் வந்ததும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். இவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான்.

"சரி, இப்ப என்ன செய்யப் போற?"

"திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில பேசறேன். வரேன்னு சொல்லப் போறேன். அப்பாவையும் கூட்டிட்டு வரேன். தனியா விடறதா இல்ல."

அவன் யோசித்தான். "கூட்டிட்டு வா. ஆனா நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது."

"ஏறிடுவார்" என்றாள்.

அப்பாவிடமும் அதையே இரண்டே வரியில் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். மன்னித்துவிட்டேன் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு அவரே நடந்து வந்து உட்கார்ந்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டாள்.

மறுநாள் விடிந்தபோது வீட்டுக்குள் காலடிச் சத்தம் கேட்டு அலறியடித்து எழுந்தாள். தூக்கக் கலக்கத்தில் யாரோ வந்துவிட்டார்கள் என்றே நினைத்தாள். கதவைத் திறந்தால் அப்பா, கையில் தேநீர்க் கோப்பையோடு. சட்டைப் பொத்தான்களைத் தாமே சரியாக மாட்டியிருந்தார்.

"போட்டேன்" என்று நீட்டினார்.

ஒரு வாய் குடித்தாள். "சர்க்கரையே இல்ல."

"டப்பா எங்க இருக்குன்னு தெரியல. ஒன்றரை வருஷமா நான் சமையலறைப் பக்கம் வந்ததே இல்லையே."

"பொய்" என்றாள். "தினம் பதினோரு மணிக்கு நீங்கதான் தேநீர் போடுவீங்கன்னு அக்கா நேத்தே சொல்லிட்டா."

அப்பா திருதிருவென்று விழித்தார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் இடுப்பைச் சுரீரென்று பிடித்தது. "ஐயோ" என்று கதவைப் பிடித்தாள். அப்பா கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "உக்காரு, உக்காரு. மெதுவா" என்று அவளைத் தாங்கிப் பிடித்துக் கட்டிலுக்குக் கூட்டிப் போனார்.